நாலு பக்கமும் கடல்: மாலைதீவுக்குப் படிப்பிக்கப் போன தம்பிக்கு

அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊரொன்றைச் சேர்ந்த கணித ஆசிரியர் ஒருவர் மாலைதீவிலிருந்து எழுதியிருக்கிறார். வயது 29. ஊரையும் தீவையும் காட்டிக்கொடுக்கும் விபரங்களை எடுத்துவிட்டு, அவருடைய சம்மதத்தோடு கடிதத்தின் சாரத்தை இங்கே தருகிறேன்.

நான்கு வருடம் ஊரில் அரச பாடசாலையில் தமிழ்மொழி மூலம் படிப்பித்தவர். தங்கச்சிக்குக் கட்டத் தொடங்கிய வீடு கூரை போடாமல் நிற்கிறது. அதை முடிக்க வேண்டும் என்று சம்பளமற்ற விடுமுறை எடுத்து, முகவர் ஒருவர் மூலம் போயிருக்கிறார். இருபது நிமிடத்தில் சுற்றி நடந்து முடித்துவிடக்கூடிய தீவு. போய் ஐந்து மாதம். "முஸ்லிம் நாடு, பக்கத்து நாடு, நம்மட ஊர் மாதிரித்தான் இருக்கும் என்று நினைச்சு வந்தன் மிஸ். பள்ளியைத் தவிர ஒண்டும் நம்மட மாதிரி இல்ல" என்று எழுதுகிறார். பிள்ளைகள் எழுந்து நிற்பதில்லை, சொன்னால் கேட்பதில்லை. இரண்டாம் மாதம் கொப்பி திறக்க மறுத்த ஒன்பதாம் தரப் பையனின் கையில் அடிமட்டத்தால் ஒரு தட்டுத் தட்டினார். மறுநாள் தாய் பாடசாலைக்கு வந்துவிட்டார். இவரைவிட வயது குறைந்த பெண் அதிபர் விளக்கக் கடிதம் எழுதி வாங்கினார். அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் யாரோடும் பேசுவதில்லை. கடவுச்சீட்டு பாடசாலை அலுவலகத்தில் இருக்கிறது. இரவு இரண்டு மணி, மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறார். உடுப்புப் பையைக் கட்டிக் கதவடியில் வைத்துவிட்டுத்தான் படுக்கிறார். மாலேக்குப் படகு எத்தனை மணிக்கு என்று இரண்டு தரம் விசாரித்துவிட்டார்.

அவருடைய கேள்விகள் இரண்டு. இது இணையத்தில் சொல்லும் 'கலாசார அதிர்ச்சி'தானா, எப்போது தீரும்? ஊருக்குத் திரும்பிவிடலாமா, அப்படித் திரும்பினால் ஊர் என்ன சொல்லும்?

தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். இரண்டாம் தரம்தான் அந்த ஒரு வரி கண்ணில் பட்டது. மீன் தவிர வேறு கறி கிடையாது என்ற முறைப்பாட்டுக்கும் படகு பிந்தினால் மரக்கறியே வராது என்ற முறைப்பாட்டுக்கும் நடுவே, அடைப்புக்குறிக்குள், "சுனாமியில எங்கட மூத்தம்மாவும் மாமியும் மௌத்து, எனக்கு அப்ப எட்டு வயசு" என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே பருப்பின் விலைக்குப் போய்விட்டீர்கள்.

அந்த வரியில்தான் நான் நெடுநேரம் நின்றேன். அதற்கு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில்.

ஊர்விட்டு ஊர் போய் வாழ்பவருக்கு வரும் இந்தக் குழப்பத்துக்குக் 'கலாசார அதிர்ச்சி' என்ற பெயரைப் பரப்பியவர் கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர், 1950களில். முதலில் எல்லாம் அழகாகத் தெரியும் காலம், பிறகு எரிச்சலும் ஏக்கமும் வரும் காலம், பிறகு மெல்லப் பழகும் காலம் என்று படிப்படியாகச் சொன்னார். அதே காலத்தில் வேறு சிலர் அதை ஆங்கில 'யு' எழுத்தைப் போன்ற வளைகோடாக வரைந்தார்கள். இணையத்தில் நீங்கள் பார்த்த படம் அதுதான். உங்களைப் பயமுறுத்தியிருப்பதும் அந்தப் படம்தான். "எனக்கு அந்த முதல் சந்தோசக் காலமே வரல்ல மிஸ், மூணு மாசத்தில சரியாகும் என்று போட்டிருக்கு, அஞ்சு மாசமாச்சு, எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்கிறீர்கள்.

அந்த வளைகோடு எல்லாருக்கும் பொருந்தும் விதி இல்லை தம்பி. நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களைக் கொலீன் வார்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் தொடர்ந்து கவனித்து 1998இல் எழுதினார்கள். அந்த மாணவர்களுக்குத் தொடக்கத்திலேதான் கஷ்டம் மிகக் கூடுதலாக இருந்தது. யோசித்துப் பாருங்கள், அதுதானே இயல்பு? மொழி தெரியாது, கடை தெரியாது, தலைவலித்தால் யாரிடம் போவது என்று தெரியாது. அந்தக் கிழமையில் போய் எப்படி ஒருவர் மகிழ்ந்திருக்க முடியும்? சந்தோசக் காலம் வராததால் உங்களில் ஏதோ கோளாறு என்று எண்ண வேண்டாம். மூன்று மாதம் என்ற கணக்கையும் மறந்துவிடுங்கள்.

ஆனால் உங்களுக்கு நடப்பதை எல்லாம் கலாசார அதிர்ச்சி என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறீர்கள். உள்ளே வேறுவேறு சாமான்கள் இருக்கின்றன. அவிழ்த்துப் பிரித்துப் பார்ப்போம்.

பக்கத்து நாடு என்பதால் வந்த ஏமாற்றம்

லண்டனுக்கோ கனடாவுக்கோ போகிறவர், எல்லாம் மாறித்தான் இருக்கும் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு போகிறார். நீங்கள் அப்படிப் போகவில்லை. கொழும்பிலிருந்து ஒன்றரை மணிநேரப் பறப்பு, அதே பாங்கு, அதே ஷாபி மத்ஹப், நம்மைவிட அரை மணிநேரம் பிந்திய கடிகாரம். வீட்டின் அடுத்த அறைக்குப் போவது போலப் போனீர்கள். போன இடத்தில் ஜும்ஆ குத்பா அவர்களுடைய திவெஹி மொழியில் நடக்கிறது. பெண்கள் ஸ்கூட்டரில் போகிறார்கள், அலுவலகங்களை நடத்துகிறார்கள். நோன்பு வந்தால் பள்ளியில் நம் நோன்புக் கஞ்சி இருக்காது. ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் வரும் வேறுபாடு கூடுதலாக வலிக்கும். மார்க்கம் ஒன்றுதான், ஆனால் ஊர் வேறு. இதை அவர்களுடைய குறையாகவோ உங்களுடைய குறையாகவோ எடுக்கத் தேவையில்லை.

கணக்கு வாத்தியாருக்கு ஒரு கதவு காட்டுகிறேன். திவெஹி சிங்களத்துக்கு உறவுக்கார மொழி. மூன்று, நான்கு, ஐந்துக்கு அங்கே தின், ஹதரு, ஃபஸ் என்பார்கள். சிங்களத்தில் துன, ஹதர, பஹ. ஒன்பது அங்கே நுவ, சிங்களத்தில் நவய. உங்களுக்குத் தெரிந்த சந்தைச் சிங்களமே பாதி வழி கொண்டுபோகும். அவர்களுடைய தானா எழுத்து வலமிருந்து இடமாகப் போகிறது, ஓதப் பழகிய உங்கள் கண்ணுக்கு அது சிரமமே இல்லை. அந்த எழுத்துகளில் முதல் ஒன்பதும் ஒன்றிலிருந்து ஒன்பது வரையான அரபு இலக்கங்களின் வடிவத்திலிருந்து வந்தவை. எண்களிலிருந்து எழுத்துச் செய்துகொண்ட ஒரு சமூகத்துக்குத்தான் நீங்கள் கணக்குப் படிப்பிக்கப் போயிருக்கிறீர்கள். உங்கள் ஒன்பதாம் தரப் பிள்ளைகளிடம் இந்த ஒன்பது எழுத்தையும் எழுதிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் உங்களுக்குப் படிப்பிக்கட்டும். முதல் தரமாக அந்த வகுப்பில் உங்கள் மேல் அவர்களுக்கு ஒரு பிடிப்பு வரும்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. உங்கள் உம்மா சம்பலுக்கு இடிக்கும் மாசி, பரம்பரையாக அந்தத் தீவுகளிலிருந்து நம் பக்கத்துக்கு வந்த சரக்கு. காலையில் ரொஷி என்ற ரொட்டியோடு அவர்கள் சாப்பிடும் மஸ்ஹுனி, தேங்காய்ப்பூவும் மீனும் வெங்காயமும் கொச்சிக்காயும் பிசைந்தது. மூன்று வேளையும் தனியறையில் நூடில்ஸ் அவிப்பதை நிறுத்திவிட்டு, கிழமையில் இரண்டு நாளாவது அவர்களோடு உட்கார்ந்து அதைச் சாப்பிடுங்கள். பின்னேரம் கடற்கரையோரம் கயிறு பின்னிய ஜோலிக் கதிரைகளில் ஆண்களும் பெண்களும் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "நம்மள யாரும் கூப்பிடல்ல" என்கிறீர்கள். அங்கே யாரும் யாரையும் அழைப்பிதழ் வைத்துக் கூப்பிடுவதில்லை தம்பி. போய் உட்கார வேண்டியதுதான். பின்னேரங்களில் பந்து விளையாடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஊரில் கழகத்துக்கு விளையாடியவர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பிவிடுவது எனக்கு மனவருத்தம் தருகிறது.

வகுப்பறையில் நடந்தது

இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம் சாய மாட்டேன். பிள்ளையை அடித்தது பிழை. "ஊரில இதுக்கு ஒரு தாயும் வரமாட்டா, நல்லாப் போடுங்க சேர் என்றுதான் சொல்லுவா" என்கிறீர்கள். அப்படிச் சொல்லும் தாய்மாரை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் இலங்கையிலும் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை சொல்கிறது. ஆசிரியர் அறைந்ததால் காதில் பாதிப்படைந்த மாணவன் ஒருவனுக்கு நட்டஈடு கொடுக்கச் சொல்லி 2021இல் நம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாலைதீவு 2019இல் நிறைவேற்றிய சிறுவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல் தண்டனையைத் தடைசெய்திருக்கிறது. ஆக, இரண்டு நாட்டுச் சட்டமும் ஒன்றையே சொல்கிறது. அங்கே தாய் வந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

விளக்கக் கடிதத்தோடு அதிபர் நிறுத்திக்கொண்டது உங்களுக்குக் கிடைத்த சந்தர்ப்பம். அதை அவமானமாக மூன்று மாதம் சுமந்துவிட்டீர்கள். வயதில் இளைய பெண் ஒருவர் கேள்வி கேட்டார் என்பதுதான் கூடுதலாகச் சுட்டது என்று கடிதத்தின் தொனியில் தெரிகிறது. அவர் அதிபராக அந்தக் கதிரையில் இருந்து அந்தப் பிள்ளைக்காகக் கேட்டார். நேரே போய், "மிஸ், அன்றைக்கு நடந்தது பிழை, இந்தப் பிள்ளைகளை எப்படிக் கையாளுவது என்று எனக்குக் காட்டித் தாருங்கள்" என்று கேளுங்கள். அங்கே நீண்ட நாள் படிப்பிக்கும் ஒருவருடைய பாடத்தில் பின்வாங்கில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பிள்ளைகள் எழுந்து நிற்காததை மரியாதைக் குறைவு என்று நீங்கள் வாசித்தது பிழையான வாசிப்பாக இருக்கலாம். அந்தப் பிள்ளைகள் மரியாதையை வேறு எப்படிக் காட்டுகிறார்கள் என்று பார்த்தீர்களா? பாடம் முடிந்த பிறகு யார் வந்து கதைக்கிறார்கள், யார் உங்கள் சாமானைத் தூக்கிவர உதவுகிறார்கள் என்று ஒரு கிழமை கவனியுங்கள்.

வகுப்பில் உங்களை இன்னொன்றும் வாட்டுகிறது, அதை நீங்கள் நேராகச் சொல்லவில்லை. தமிழில் படித்து, தமிழில் படிப்பித்த உங்களுக்கு அங்கே எல்லாம் ஆங்கிலத்தில். 'செம்பக்கம்' என்று நாவில் வந்துவிட்ட சொல்லை விழுங்கிவிட்டு 'ஹைப்போடனூஸ்' என்று எடுக்கும் அந்த அரை நொடி. அதற்குள் பின்வாங்கில் ஒரு சிரிப்பு. நல்ல வாத்தியார் என்று ஊரில் பெயர் எடுத்தவருக்கு அந்த அரை நொடி எவ்வளவு நீளமானது என்று எனக்கு விளங்குகிறது. அடிமட்டத்தைக் கையில் எடுக்க வைத்ததில் அந்தச் சிரிப்புக்கும் பங்கு உண்டோ என்று யோசித்துப் பாருங்கள். இது ஒழுக்கப் பிரச்சினையும் இல்லை, கலாசாரப் பிரச்சினையும் இல்லை. சொற்களின் பிரச்சினை, பழகினால் தீரும். அடுத்த நாள் பாடத்தில் வரப்போகும் பத்துப் பன்னிரண்டு சொற்களை முதல்நாள் இரவு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல் வராவிட்டால் பலகையில் படம் போடுங்கள். "இதை நான் தமிழில் செம்பக்கம் என்று படித்தேன், நீங்கள் திவெஹியில் என்ன சொல்லுவீர்கள்?" என்று கேட்கும் ஆசிரியரைப் பார்த்துச் சிரிப்பது பிள்ளைகளுக்கு லேசில்லை.

கடல்

இனி அந்த அடைப்புக்குறி.

2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா நாள். நம் கிழக்குக் கரையில் அன்றைக்கு எட்டு வயதாக இருந்த பிள்ளைகள் பலரைப் பிறகு முகாம்களில் சந்தித்தேன். மண்ணில் வீடு கட்டி, கட்டிய கையாலேயே தண்ணீர் ஊற்றிக் கலைத்து, திரும்பவும் கட்டுவார்கள். மாதக்கணக்கில் அதையே விளையாடிய பிள்ளைகள் இருந்தார்கள். பெரியவர்கள் அதைப் பார்த்து "பிள்ளை மறந்திட்டான், விளையாடுறான்" என்று ஆறுதல்பட்டார்கள். உங்கள் குடும்பத்துக்குப் பிறகு கிடைத்தது கடலுக்கு எட்டத்தில் ஒரு வீட்டுத்திட்ட வீடு. அதற்குப் பிறகு இந்த வருடம்தான் கடலுக்குப் பக்கத்தில் படுக்கிறீர்கள். அதுவும் நாலு பக்கமும் கடல், ஏறிப்போக ஒரு மேடு இல்லாத தட்டைத் தீவு.

இரவு இரண்டு மணிக்கு விழிப்பதும், பையைக் கட்டிக் கதவடியில் வைப்பதும், காற்றுக் கூடினால் எழுந்துபோய்த் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று டோர்ச் அடித்துப் பார்ப்பதும் கலாசார அதிர்ச்சி இல்லை தம்பி. "நான் புள்ளைகளுக்குப் படிப்பிக்க வந்தனா, கடலுக்குக் காவல் இருக்க வந்தனா தெரியல்ல மிஸ்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த எட்டு வயதுப் பிள்ளை உங்களுக்குள் காவல் இருக்கிறான். இது பலவீனமும் இல்லை, ஈமான் குறைவும் இல்லை. இருபது வருடத்துக்குப் பிறகும் பழைய காயம் இப்படித் திறக்கும். அதே சத்தம், அதே உப்பு மணம் போதும். இதற்கு வைத்தியம் உண்டு, பிந்திப் போகவும் இல்லை. அதிர்ச்சி அனுபவங்களுக்கென்றே உள்ள பேச்சு முறைச் சிகிச்சைகள் நன்றாகப் பலன் தருகின்றன. வீடியோ அழைப்பிலேயே தொடங்கலாம். நீங்கள் சம்மதித்தால் மட்டக்களப்பில் இதில் பயிற்சி பெற்ற ஒருவரோடு நானே இணைத்துவிடுகிறேன்.

அதுவரை இரவில் விழித்தால் படுக்கையில் கிடந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். லைட்டைப் போடுங்கள், இரண்டு காலையும் தரையில் ஊன்றி உட்காருங்கள். இன்றைய திகதி, வருடம், உங்கள் வயது, இந்தத் தீவின் பெயர் ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்லுங்கள். உடம்பு 2004இல் நிற்கும்போது அதை இன்றைக்குக் கூட்டிவரும் வேலை இது. மூச்சை உள்ளே எடுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். ஒளுச் செய்துவிட்டு இரண்டு ரக்அத் தொழுவது உங்களுக்கு அமைதி தந்தால் அதையும் செய்யுங்கள். அது மேலே சொன்னதற்கு மாற்றாக இல்லை, கூடவே.

பகலில் கடலைத் தவிர்க்க வேண்டாம். பயத்தைத் தவிர்க்கத் தவிர்க்க அது வளரும். ஒரே நாளில் போய் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கவும் வேண்டாம். உங்களுக்கென்று ஒரு வழி யோசித்தேன். யாராவது ஒரு சக ஆசிரியரோடு, வெளிச்சம் இருக்கையில், இறங்குதுறைத் தூணில் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு நாளும் அளந்து எழுதுங்கள். ஏற்றமும் இறக்கமும் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்திப் பிந்தி வரும். ஒரு மாதம் எழுதி வரைபடத் தாளில் குறித்தால் பெருக்கும் வற்றும் ஒரு அழகான அலைகோடாக விழும். பறுவத்துக்கும் அமாவாசைக்கும் அந்தக் கோடு எப்படி உயர்கிறது என்று உங்கள் கையாலேயே வரைவீர்கள். பத்தாம் தரத்துக்கு அதையே பாடமாக எடுக்கலாம். கடல் என்ன செய்யப்போகிறது என்று தெரியாத அந்த நிலைதான் பயத்தின் வேர். அளக்கத் தெரிந்தவருக்கு அது கொஞ்சம் தளரும். ஆனால் கரைக்குப் போகும்போது உடம்பு நடுங்கி, அன்றைய காட்சி கண்முன்னே ஓடினால் நிறுத்திவிடுங்கள். அதைச் சிகிச்சை தருபவரோடுதான் செய்ய வேண்டும்.

உண்மை நிலையும் தெரிந்திருக்கட்டும். 2004இல் இந்தியப் பெருங்கடலுக்குச் சுனாமி எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை, இன்றைக்கு இருக்கிறது. பவளத்தீவுகள் ஆழ்கடலிலிருந்து செங்குத்தாக எழுபவை என்பதால் அங்கே பெரும்பாலும் சுவர்போல எழுந்து அடிக்காமல், தண்ணீர் பொங்கி ஏறிப் பாய்ந்தது. நம் நாட்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள், மாவட்டங்களில் அம்பாறைதான் மிக மோசமாக அடிபட்டது. அவ்வளவு தாழ்ந்த மாலைதீவில் 82 பேர் இறந்தார்கள், 26 பேரைக் காணவில்லை. சிறிய தொகை என்று சொல்ல வரவில்லை. சில நூறு பேர் வாழும் தீவில் ஒருவர் போனாலும் எல்லா வீட்டிலும் மௌத்து. ரா அதோள் என்ற தீவுக்கூட்டத்தில் கந்தொல்ஹுதூ என்ற தீவையே மக்கள் முழுதாக விட்டு வெளியேறி, சில வருடம் தற்காலிகக் குடில்களில் இருந்து, பிறகு துவாஃபரு என்ற தீவில் குடியேறினார்கள்.

உங்கள் ஆசிரியர் அறையிலும் முப்பது வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் அந்த நாள் ஞாபகம் இருக்கும். நம் கரையில் அடித்துவிட்டு அங்கே போன அதே தண்ணீர். "நம்மட மாதிரி ஒண்டும் இல்ல" என்று எழுதினீர்களே, இது இருக்கிறது. யாரிடமும் வலிந்து போய்க் கேட்க வேண்டாம். ஜோலியில் உட்கார்ந்து பழகியபின், வயதான ஒருவரிடம் "அன்றைக்கு இந்தத் தீவில் என்ன நடந்தது?" என்று கேட்கத் தோன்றினால் கேளுங்கள்.

எப்போது உடனே வைத்தியரிடம் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கிழமைக்கு மேல் நாள் முழுதும் மனம் இருண்டு கிடந்தால், எதிலும் விருப்பம் அற்றுப்போனால், சாப்பாடு இறங்காவிட்டால், வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் ஒரு தரமாவது வந்தால், தீவின் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தூங்க வேண்டும் என்பதற்காக யாரிடமாவது குளிசை வாங்கிப் போட வேண்டாம். உங்களைப் பற்றிக் கவலைப்படும் வீட்டார் இங்கிருந்து தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

கடவுச்சீட்டும் ஒப்பந்தமும்

நான் சட்டத்தரணி இல்லை, ஆனாலும் சில விடயங்களைச் சொல்லாமல் விட முடியாது. கடவுச்சீட்டு வேலை கொடுப்பவரிடம்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. விசா எடுக்கும் வேலைக்காகக் கொடுத்தால், அந்த விசா வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். உங்கள் விருப்பத்துக்கு மாறாக அவர்கள் பிடித்து வைத்திருக்க முடியாது. சண்டை பிடிக்காமல், ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கேளுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தராவிட்டால் மாலேயில் உள்ள இலங்கை உயர் ஸ்தானிகராலயத்துக்கு அறிவியுங்கள். கடவுச்சீட்டு கைக்கு வந்தாலே உங்கள் இரவுப் பயம் பாதி குறையும் என்று நினைக்கிறேன். ஓடவே முடியாத இடத்தில் அடைபட்டிருக்கிறேன் என்ற உணர்வுக்கு அதுவும் ஒரு காரணம்.

2008ஆம் ஆண்டின் மாலைதீவு தொழில் சட்டப்படி தகுதிகாண் காலம் மூன்று மாதத்துக்கு மேல் போக முடியாது. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். ஆகவே விலகுவதானால் ஒப்பந்தத்தில் உள்ளபடி முன்னறிவித்தல் கொடுத்துத்தான் விலக வேண்டும். இரவுப் படகில் சொல்லாமல் போவது உங்களுக்கே கேடு. சம்பளப் பாக்கி, அனுபவச் சான்றிதழ், அடுத்த விசா எல்லாம் அதில் மாட்டும். நியாயமில்லாத பிடித்தங்கள் செய்தால் முறையிட அங்கே தொழில் நியாயசபை இருக்கிறது. முகவர் சொன்ன சம்பளமும் கைக்கு வருவதும் வேறு என்றால், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு வாப்பாவை அழைக்கச் சொல்லுங்கள்.

வீடும் திரும்புதலும்

கிழக்கில் பிறந்த எனக்குத் தங்கச்சி வீடு என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. தமிழரோ முஸ்லிமோ, இங்கே பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். பொறுப்பு ஆண் பிள்ளைகளின் தோளில். உங்கள் வயதுப் பையன்கள் எத்தனை பேர் அந்தச் சுவர்களுக்காக வெளிநாட்டில் தேய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மனம் பொறுப்பதில்லை. ஆனால் அந்த வழக்கத்தோடு வாதாட இது இடமில்லை. கணக்கைப் பார்ப்போம். போகுமுன் போட்ட கணக்கு டொலருக்கு 15.42 ரூஃபியா என்ற உத்தியோகபூர்வ விகிதத்தில் போட்டது. அங்கே வெளியில் டொலர் அந்த விலைக்குக் கிடைக்காததால் வீட்டுக்கு வருவது குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து மாதம் உண்மையில் ஊர் வந்து சேர்ந்த தொகையை வைத்து, கூரைக்கு இன்னும் எத்தனை மாதம் என்று திரும்பக் கணக்குப் போடுங்கள். 'இரண்டு வருடம்' என்று முடிவில்லாமல் தெரிவது, பதினொரு மாதம் என்றோ பதினாறு மாதம் என்றோ ஒரு எண்ணாக மாறும். எண் கைக்கு வந்தபின் முடிவெடுப்பது வேறு விதம்.

திரும்பி வருவது தோல்வி என்று நான் நினைக்கவில்லை. சம்பளமற்ற விடுமுறையில் போனவர் நீங்கள், உங்களுக்கு இங்கே ஒரு வகுப்பறை இருக்கிறது. விடுமுறைக் கடிதத்தில் இடையில் திரும்புவது பற்றி என்ன இருக்கிறது என்று வலயக் கல்விப் பணிமனையில் எழுத்தில் கேட்டு வையுங்கள். ஊர் என்ன சொல்லும்? இரண்டு ஜும்ஆவுக்குச் சொல்லும். அதைத் தாங்கலாம். ஆனால் இரவு மூன்று மணிக்கு எடுத்த முடிவோடு வர வேண்டாம். இந்தப் பயத்துக்குச் சிகிச்சை தொடங்காமல் வந்தால், கடல் இங்கேயும் இருக்கிறது. எனவே நான் கேட்பது எட்டுக் கிழமை. சிகிச்சையைத் தொடங்கி, கடவுச்சீட்டை வாங்கி, அதிபரோடு கதைத்து, பின்னேரம் பந்தடிக்கப் போய், எட்டுக் கிழமை முடிந்த பிறகும் வர வேண்டும் என்று தோன்றினால், முன்னறிவித்தல் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். நானே "வாருங்கள்" என்பேன். இடையில் அந்த இருண்ட எண்ணங்கள் வந்தால் எட்டுக் கிழமையும் பார்க்கத் தேவையில்லை, உடனே வாருங்கள்.

கடைசியாக உம்மா. ஒவ்வொரு இரவும் வீடியோ அழைப்பில் சிரித்துக்கொண்டு "நல்லா இரிக்கன் உம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தபின் அழுகிறீர்கள். அந்த நடிப்பே ஒரு வேலை, இரவுத் தூக்கத்துக்கு முன் அது வேண்டாம். அழைப்பைப் பின்னேரத்துக்கு மாற்றுங்கள், ஒவ்வொரு நாளும் தேவையில்லை. வீட்டில் யாராவது ஒருவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். வாப்பாவோ, மச்சானோ, யாரிடம் சொல்ல முடியுமோ அவரிடம் சொல்லுங்கள். உம்மாவிடமும் ஒருநாள், வீட்டையும் பணத்தையும் பற்றி இல்லாமல், மூத்தம்மாவைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அவர் ஒரு அடைப்புக்குறிக்குள் இருக்கிறார். அவர் எப்படிச் சமைத்தார், உங்களை எப்படிக் கூப்பிடுவார் என்று உம்மாவுக்கு ஞாபகம் இருக்கும்.

சிகிச்சையின் முதல் அமர்வுக்கு எந்த நாள் வசதி என்று எழுதுங்கள். வெள்ளி, சனி உங்களுக்கு விடுமுறை என்பதால் சனிக்கிழமை காலை, உங்கள் நேரம் ஒன்பதரை, எங்கள் நேரம் பத்து மணி என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.